வழித்துணையும் கைகழுவுதலும்

வீட்டை இழக்கும் நிலையில் உள்ள ஒருவரைத் தன் அன்றாட அலுவலில் எதிர்கொள்ளும் அரசு நிறுவனம், வீடு தருவது தன் வேலையல்ல என்றாலும், அந்த வேலைக்கு உரியவர்களிடம் அவரைப் பற்றிய செய்தியைச் சேர்ப்பிக்க வேண்டும் என்று இங்கிலாந்தின் சட்டம் 2018 முதல் கட்டளையிட்டு வருகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இது அலுவலகங்களுக்கு இடையே கடிதம் போகும் வழியை ஒழுங்குபடுத்தும் சிறு நிர்வாக ஏற்பாடுதான். ஆனால் அதற்குள் மிகப் பழைய அறக்கேள்வி ஒன்று அடங்கியிருக்கிறது. பிறர் துன்பத்தைக் கண்ணால் கண்ட ஒருவன், அதைத் தீர்க்கும் வசதியோ அதிகாரமோ தன்னிடம் இல்லாதபோது, தீர்க்கக்கூடியவனிடம் ஒப்படைத்துவிட்டால் அவனுடைய கடன் தீர்ந்துவிடுகிறதா என்பதே அது. யூத மரபும் கிறித்துவ மரபும் இக்கேள்வியை நேருக்கு நேர் சந்தித்திருக்கின்றன. அவை தரும் விடை, நாடாளுமன்றம் எழுதிய விடையைவிடக் கடுமையானது.

முதலில் சட்டத்தைப் பார்க்கலாம். ஹாரோ கிழக்குத் தொகுதியின் உறுப்பினர் பாப் பிளாக்மன் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்த வீடின்மைக் குறைப்புச் சட்டம் 2017 ஏப்ரலில் அரச ஒப்புதல் பெற்று, 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் ஒரு பகுதியான பரிந்துரைக் கடமை அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் செயல்படத் தொடங்கியது. சிறைச்சாலைகள், தண்டனைக்குப் பின் கண்காணிக்கும் நன்னடத்தை அலுவலகங்கள், இளங்குற்றவாளிகளைக் கவனிக்கும் குழுக்கள், வேலை தேடுவோர்க்கு உதவித்தொகை வழங்கும் ஜாப்சென்டர் பிளஸ் அலுவலகங்கள், சமூகநலப் பிரிவுகள், மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளும் உள்நோயாளிப் பிரிவுகளும், படைவீரர்களைப் பொறுத்தவரை பாதுகாப்பு அமைச்சகம் ஆகியவை இக்கடமைக்கு உட்பட்டவை. தம்மிடம் வரும் ஒருவர் வீடற்றவர் என்றோ, 56 நாள்களுக்குள் வீட்டை இழக்கக்கூடியவர் என்றோ இந்நிறுவனங்களில் ஒன்று கருதினால், அவருடைய சம்மதத்தைக் கேட்டுப் பெற்று, அவரே தேர்ந்தெடுக்கும் உள்ளாட்சி மன்றத்தின் வீட்டுவசதிப் பிரிவுக்கு அவரைப் பற்றி அறிவிக்க வேண்டும். சட்டம் கேட்பது அவ்வளவுதான். பெயர், தொடர்புகொள்ளும் வழி, பரிந்துரைக்கான காரணம் ஆகியவை போய்ச் சேர்ந்தால் போதும். அந்த அறிவிப்பு வீட்டுவசதி உதவிக்கான விண்ணப்பமாகக்கூடத் தானாக மாறிவிடுவதில்லை. அறிவிக்கத் தவறிய நிறுவனத்திற்கென்று தண்டனை எதையும் அந்தப் பிரிவு விதிக்கவுமில்லை.

இனி பழைய நூலுக்கு வருவோம். உபாகமத்தின் 21ஆம் அதிகாரத்தில் விசித்திரமான சடங்கு ஒன்று சொல்லப்பட்டிருக்கிறது. வயல்வெளியில் ஒரு மனிதன் கொலையுண்டு கிடக்கிறான். கொன்றவன் யார் என்று தெரியவில்லை. அப்போது மூப்பர்களும் நியாயாதிபதிகளும் வந்து, சடலம் கிடக்கும் இடத்திலிருந்து சுற்றிலுமுள்ள ஊர்களுக்குத் தூரத்தை அளக்க வேண்டும். எந்த ஊர் மிக அருகில் இருக்கிறதோ அந்த ஊரின் மூப்பர்கள், நுகத்தடி பூட்டப்படாத இளம்பசு ஒன்றை, உழாத, விதைக்காத ஓடைப் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோய் அதன் கழுத்தை முறித்து, அதன்மேல் தங்கள் கைகளைக் கழுவி, இந்த இரத்தத்தைத் தங்கள் கைகள் சிந்தவில்லை என்றும் தங்கள் கண்கள் இதைக் காணவில்லை என்றும் அறிக்கையிட வேண்டும்.

யூதச் சட்ட மரபின் முதல் பெருந்தொகுப்பாகிய மிஷ்னா, ஏறத்தாழ கி.பி. 200இல் உருவானது, இந்த இடத்தில் நின்று ஒரு கேள்வி கேட்கிறது: ஊரின் மூப்பர்களே கொலைகாரர்கள் என்று யாராவது நினைப்பார்களா? நினைக்க மாட்டார்கள் என்றால், அவர்கள் எதற்காகக் கை கழுவிச் சத்தியம் செய்ய வேண்டும்? அதற்கு மிஷ்னா சொல்லும் விளக்கத்தின் சாரம் இது: அந்த மனிதன் எங்களிடம் வந்து, நாங்கள் அவனை உணவின்றித் திருப்பி அனுப்பவில்லை, நாங்கள் அவனைக் கண்டும், வழித்துணையின்றிப் போகவிடவில்லை. மூப்பர்கள் மறுக்க வேண்டிய குற்றம் கொலையல்ல, கவனக்குறைவு. பாலஸ்தீன ஞானிகள் இவ்வறிக்கையைக் கொன்றவனைக் குறித்துப் பொருள் கொண்டார்கள், அதாவது குற்றவாளி ஒருவனைப் பிடித்தும் தண்டிக்காமல் விட்டுவிடவில்லை என்று மூப்பர்கள் கூறுவதாக. பாபிலோனிய ஞானிகளோ கொலையுண்டவனைக் குறித்தே பொருள் கொண்டார்கள். பிற்கால மரபில் பெரிதும் நிலைத்தது பாபிலோனியரின் வாசிப்பே. ஓர் ஊரின் நிர்வாகம், தன் எல்லைக்குள் வந்துபோன அந்நியனுக்கு எல்லைக்கு வெளியே நேர்ந்த சாவுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அந்த வாசிப்பில்தான் இருக்கிறது.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் மைமோனிடிஸ் இதை இன்னும் ஓரடி முன்னே கொண்டுசெல்கிறார். தம் சட்டத் தொகுப்பாகிய மிஷ்னே தோராவில் அவர், தருமம் செய்யும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்துவதுபோல வழித்துணை தரும்படியும் கட்டாயப்படுத்தலாம் என்கிறார். ஊர்விட்டு ஊர் போகிறவர்களுக்குத் துணையாக நீதிமன்றமே ஆள்களை நியமித்து வந்தது என்றும், அதில் நீதிமன்றம் சோம்பியிருந்தால் அது இரத்தம் சிந்தியதற்குச் சமமாக எண்ணப்படும் என்றும் எழுதுகிறார். விருந்தினரை வாசல்வரை கொண்டுபோய் விடும் இல்லறப் பண்பு, இங்கே பொது அமைப்பின் கடமையாகிவிட்டது. தனிமனிதன் செய்தால் புண்ணியம் என்று கருதப்படும் ஒன்றை அமைப்பு செய்யாவிட்டால் கொலைக்கு நிகர் என்று சொல்லும் இந்த ஏற்றத்தாழ்வு தற்செயலானதல்ல. தனிமனிதனிடம் இல்லாத தொடர்ச்சியும் ஆள்பலமும் வழிகளைப் பற்றிய அறிவும் அமைப்பிடம் இருக்கின்றன; ஆற்றல் மிகும்போது கடனும் மிகுகிறது.

இங்கிலாந்தின் பரிந்துரைக் கடமையை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால், அது வழித்துணையின் ஒரு மெலிந்த வடிவம் என்பது தெரியும். சிறையதிகாரியோ செவிலியரோ உணவுக்கும் உறைவிடத்துக்கும் பொறுப்பாக்கப்படவில்லை. கண்டபின் அப்படியே போகவிடக் கூடாது என்பது மட்டுமே அவர்கள்மேல் சுமத்தப்பட்டிருக்கிறது. அந்த அளவில் இச்சட்டம் உண்மையிலேயே புதியது. ஏனெனில் ஆங்கிலேய வரலாற்றில் ஏழையை வேறோர் இடத்துக்கு அனுப்புவது என்பது நெடுங்காலமாக அவனை விலக்குவதையே குறித்தது. இரண்டாம் சார்லஸ் காலத்தில், 1662இல், இயற்றப்பட்ட குடியமர்வுச் சட்டத்தின்படி, ஆண்டுக்குப் பத்துப் பவுண்டுக்குக் குறைவான வாடகை வீட்டில் வந்து தங்கிய எவரும் பின்னாளில் ஊருக்குச் சுமையாகக்கூடும் என்று தோன்றினால், அவர் வந்த நாற்பது நாள்களுக்குள் புகார் செய்து, அவரை அவருடைய பழைய திருச்சபை வட்டத்துக்கே திருப்பி அனுப்பிவிட முடிந்தது. பிறக்கப்போகும் குழந்தை தங்கள் வட்டத்தின் கணக்கில் ஏறிவிடுமோ என்று அஞ்சிக் கருவுற்ற பெண்களை அவசர அவசரமாக எல்லை கடத்திய கதைகள் அக்காலப் பதிவுகளில் நிறைய உண்டு.

அந்த மனப்பான்மை முழுவதும் மறைந்துவிடவில்லை. வீடற்றோர்க்கு உதவுவதை உள்ளாட்சி மன்றங்களின் சட்டக் கடமையாக முதன்முதலில் ஆக்கிய 1977ஆம் ஆண்டுச் சட்டமும், பின்வந்த 1996ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டமும், உள்ளூர்த் தொடர்பு என்ற ஒரு கருத்தைக் கொண்டிருக்கின்றன. வசித்த காலம், வேலை, உறவினர், தனிப்பட்ட சிறப்புக் காரணம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றால் ஒருவர் ஓர் ஊரோடு கொண்டிருக்கும் பிணைப்பையே அது குறிக்கிறது. அது இல்லாதவரின் பொறுப்பை, தொடர்புள்ள வேறொரு மன்றத்துக்கு மாற்றிவிடலாம். ஆக, ஒரே சட்டத்தின் ஒரே பாகத்துக்குள் இரண்டு வகை அனுப்புதல்கள் அடுத்தடுத்து வாழ்கின்றன: ஒன்று பொறுப்பை ஏற்பவரைத் தேடி அனுப்புவது, மற்றொன்று பொறுப்பிலிருந்து விடுபட அனுப்புவது. வன்முறைக்கு அஞ்சி ஓடிவந்தவரை அந்த ஊருக்கே திருப்பக் கூடாது என்ற பாதுகாப்பு இரண்டாவதற்கு உண்டு என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

லூக்கா நற்செய்தியில் இவ்விரண்டாம் வகைக்கு மிகத் துல்லியமான சித்திரம் ஒன்று இருக்கிறது. தன்முன் நிறுத்தப்பட்ட இயேசு கலிலேயாவைச் சேர்ந்தவர் என்று கேள்விப்பட்டதும், அது ஏரோதின் ஆட்சி எல்லை என்பதால் பிலாத்து அவரை ஏரோதிடம் அனுப்பிவிடுகிறான். ஏரோது கேள்வி கேட்டு, ஏளனம் செய்து, பளபளப்பான ஆடை ஒன்றை உடுத்தித் திரும்பவும் பிலாத்திடமே அனுப்பிவைக்கிறான். அதுவரை பகைவர்களாக இருந்த இருவரும் அன்று நண்பர்களானார்கள் என்று அந்நற்செய்தி சேர்த்துச் சொல்வது கூர்மையான கவனிப்பு. கோப்புகளை முறையாகப் பரிமாறிக்கொள்ளும் அலுவலகங்களுக்கு இடையே நல்லுறவு வளர்வதும், அந்தக் கோப்புக்கு உரிய மனிதனுக்கு ஒன்றும் நடக்காமலிருப்பதும் ஒரே சமயத்தில் நிகழக்கூடியவையே. பிலாத்தும் இறுதியில், மத்தேயு நற்செய்தியின்படி, தண்ணீர் வரவழைத்துக் கை கழுவுகிறான். உபாகமத்தின் மூப்பர்கள் கழுவியது, தங்கள் கடமையைச் செய்தோம் என்று துணிந்து சொல்ல முடிந்ததால். பிலாத்து கழுவியது, செய்யும் அதிகாரம் கையில் இருந்தும் செய்யாததால். நீரும் சைகையும் ஒன்றுபோலவே இருப்பதால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது.

பரிந்துரைப் படிவத்திலும் அதே சிக்கல் உண்டு. தண்டனை முடிந்து வெளிவரும் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். விடுதலை நாள் சிறைக்கு மாதக்கணக்கில் முன்பே தெரியும். 56 நாள்களுக்கு முன்பே உள்ளாட்சி மன்றத்துக்குச் செய்தி அனுப்பினால், அவர் வெளிவருவதற்குள் ஓர் அறையாவது தேடிவைக்கக் கால அவகாசம் இருக்கும். விடுதலைக்கு முந்தின நாள் அனுப்பினாலும் படிவம் அதே படிவம்தான். கணக்கெடுப்பில் இரண்டும் ஒன்றாகவே எண்ணப்படும். வெள்ளிக்கிழமை விடுதலையானவர்களின் நிலை இன்னும் மோசமாக இருந்தது. உடைமைகளை ஒரு பையில் சுமந்துகொண்டு காலையில் வாயிலைக் கடப்பவர், ரயிலேறி ஊர் சேர்ந்து, அன்றைக்கே நன்னடத்தை அலுவலரிடம் முகம் காட்டி, உதவித்தொகைக்குப் பதிந்து, தேவையானால் மருந்தும் வாங்கிக்கொண்டு, அலுவலக நேரம் முடிவதற்குள் வீட்டுவசதிப் பிரிவின் கதவைத் தட்ட வேண்டும். தவறினால் அடுத்த திறப்பு திங்கட்கிழமை. மூன்று இரவுகள் தெருவில். இந்தக் கொடுமையை ஒருவழியாக ஒப்புக்கொண்ட நாடாளுமன்றம், வார இறுதியை ஒட்டி விடுதலையாகவிருப்பவர்களை இரண்டு நாள் வரை முன்கூட்டியே விடுவிக்க 2023இல் தனிச் சட்டமே இயற்றியது. பரிந்துரை போனதா என்ற கேள்வியைவிட, பரிந்துரைக்கப்பட்டவர் எந்தக் கிழமை எத்தனை மணிக்கு எந்தக் கதவின் முன் நின்றார் என்ற கேள்வி முக்கியமானது என்பதை அச்சட்டம் மறைமுகமாக ஏற்றுக்கொண்டிருக்கிறது.

தத்துவவாதிகள் இதைப் பல கைகளின் சிக்கல் என்று அழைப்பார்கள். அரசியல் தத்துவ அறிஞர் டென்னிஸ் தாம்ப்சன் 1980இல் எழுதிய கட்டுரையால் பரவலான அத்தொடர், ஒரு தீங்கு பலருடைய சிறுசிறு செயல்களாலும் செயலின்மைகளாலும் விளையும்போது, அவர்களில் எந்த ஒருவரையும் முழுப் பொறுப்பாளி என்று சுட்ட முடியாமல் போவதைக் குறிக்கிறது. மருத்துவமனை தன் படிவத்தை அனுப்பியது, மன்றம் கொடுக்கப்பட்ட எண்ணில் அழைத்துப் பார்த்தது, அந்தக் கைப்பேசியில் மின்னேற்றம் இல்லை, கோப்பு மூடப்பட்டது. ஒவ்வொருவரும் விதிப்படி நடந்தார்கள், மனிதர் மட்டும் பேருந்து நிழற்குடையில் படுத்திருக்கிறார். ராபர்ட் குடின் தம் 1985ஆம் ஆண்டு நூலில் இதற்கு ஒரு மாற்றுக் கணக்கை முன்வைத்தார். ஒருவரின் நலன் யாருடைய செயலைச் சார்ந்து நிற்கிறதோ, அவரே அதற்குப் பொறுப்பு. பலரைச் சார்ந்து நின்றால், தம் பங்கைச் செய்வதோடு நில்லாமல், கூட்டு ஏற்பாடு உண்மையில் பலன் தருகிறதா என்று பார்ப்பதும் ஒவ்வொருவரின் கடமை என்பது அவருடைய வாதத்தின் போக்கு. அலுவலர் ஒருவருக்கு இது பெரிய சுமைதான், அனுப்பிய ஒவ்வொரு பரிந்துரையின் பின்னாலும் அவர் ஓட முடியாது. எனினும் அவருடைய நிறுவனத்தால் முடியும்.

சமாரியன் உவமை இங்கே வழக்கத்துக்கு மாறான வெளிச்சத்தில் தெரிகிறது. எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் வழியில் கள்வரால் அடிபட்டுக் குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டு இரங்கிய சமாரியன், அவனைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை என்பதைப் பிரசங்கங்கள் அதிகம் கவனிப்பதில்லை. காயங்களைக் கட்டி, சத்திரத்துக்குக் கொண்டுசேர்த்து, மறுநாள் தன் வழியே போய்விட்டான். போவதற்கு முன் சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரி கொடுத்து, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவதாக வாக்களித்தான். அதாவது அவனும் பரிந்துரைத்தவன்தான். முன்னரே வழக்கத்தில் இருந்த ஒரு நிறுவனத்திடம், தன்னைவிட அதிக வசதியுள்ளவனிடம், ஒப்படைத்தவன்தான். ஆனால் அந்த ஒப்படைப்பில் மூன்று அம்சங்கள் சேர்ந்திருந்தன. அவன் உடன் சென்றான், செலவை ஏற்றான், திரும்பி வருவதாகச் சொன்னான். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையில் 2009இல் தொடங்கி, பிற மருத்துவமனைகளுக்கும் பரவிய பாத்வே என்ற திட்டம் இதற்கு நெருங்கி வருகிறது. வீடற்ற உள்நோயாளிகளை ஒரு தனிக் குழு படுக்கையருகே சென்று சந்தித்து, வெளியேறும் நாளுக்கு முன்பே தங்குமிடம், உதவித்தொகை, மருத்துவத் தொடர்ச்சி ஆகியவற்றுக்கு வழி தேடுகிறது. சட்டம் கட்டாயப்படுத்துவது இதையல்ல, இதன் முதல் படியை மட்டும்.

தமிழில் ஆற்றுப்படை இலக்கியம் இன்னொரு நிபந்தனையையும் சேர்த்து நினைக்கச் செய்கிறது. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணனோ கூத்தனோ, வறுமையோடு எதிர்ப்படும் இன்னொருவனை வள்ளலிடம் போகச் சொல்வதே அவ்வகை நூல்களின் அமைப்பு. அவன் சொல் நம்பத்தக்கதாவது, அந்த வழியே போய் வந்தவன் அவன் என்பதாலும், எந்த நிலத்தில் எவர் என்ன உணவு தருவார் என்பதுவரை அவன் விரித்துரைப்பதாலும்தான். ஜாப்சென்டர் மேசைக்குப் பின்னால் இருப்பவருக்கு, தான் அனுப்பும் இடத்தில் வரிசை எவ்வளவு நீளம், என்ன கேட்பார்கள், என்ன கிடைக்கும் என்பது தெரிந்திருக்குமா என்பது ஐயமே.

சமாரியன் கேட்காமல் செய்த ஒன்றை இங்கிலாந்தின் சட்டம் கேட்டே செய்யச் சொல்கிறது, அது சம்மதம். குற்றுயிராய்க் கிடந்தவனிடம் சம்மதம் கேட்க வழியில்லை, ஆனால் அவசரப் பிரிவில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் கேட்க முடியும், கேட்கவும் வேண்டும். அவள் மறுக்கக்கூடும்: தான் இருக்கும் இடம் கணவனுக்குத் தெரிந்துவிடும் என்று, பிள்ளையைச் சமூகநலப் பிரிவு எடுத்துக்கொண்டுவிடும் என்று, குடிவரவு நிலை கேள்விக்குள்ளாகும் என்று. உதவி என்ற பெயரில் ஒருவரின் வாழ்க்கைச் செய்திகளை அலுவலகங்களுக்குள் சுற்றவிடாமல் தடுக்கும் இவ்விதி மதிக்கத்தக்கது. அதே சமயம், மறுப்பை ஒரு கட்டத்தில் குறித்துவிட்டு நகர்வதற்கும், மறுப்புக்குப் பின்னாலுள்ள அச்சத்தை விசாரித்து அறிவதற்கும் இடையே பெருந்தூரம் இருக்கிறது.

மிஷ்னாவின் விளக்கத்தில் இன்னும் கையாளப்படாத ஒரு கூறு, காண்பது பற்றியது. தங்கள் கண்கள் காணவில்லை என்று மூப்பர்கள் சொல்வது விடுதலைக்கான வாக்குமூலமாக அமைகிறது. ஆனால் காணாமலிருக்கும்படி ஊரை அமைத்துக்கொண்டவர்கள் அதைச் சொல்லலாமா? இங்கிலாந்தின் கடமை, நிறுவனம் ஒருவரை வீடற்றவர் என்று கருதும்போதுதான் பிறக்கிறது. கருதும் அளவுக்குக் கேள்வி கேட்க வேண்டும் என்று அது வெளிப்படையாகச் சொல்லவில்லை. 2025இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிறைவேற்றிய வீட்டுவசதிச் சட்டம் இந்த இடத்தைத்தான் தொட்டது. கேட்டுச் செயல்படுதல் என்று பெயரிடப்பட்ட அக்கடமை, மருத்துவ வாரியங்கள், காவல்துறை, சிறைத்துறை உள்ளிட்ட அமைப்புகளைத் தம்மிடம் வருவோரின் வீட்டு நிலைமையைக் கேட்கச் சொல்கிறது, கேட்டபின் தம் அதிகாரத்துக்கு உட்பட்டதைத் தாமே செய்யவும் சொல்கிறது. அறியாமையை இனிச் சாக்காகக் காட்ட முடியாது என்பதே இதன் உட்பொருள்.

இங்கிலாந்தின் பட்டியலில் காவல்துறையும் இல்லை, குடும்ப மருத்துவர்களும் இல்லை, பள்ளிகளும் இல்லை. உள்துறை அமைச்சகம் இல்லாததுதான் மிகவும் உறுத்துகிறது. புகலிடம் கோரி அங்கீகாரம் பெற்ற ஒருவர், அங்கீகாரம் கிடைத்த காரணத்தாலேயே அரசு தந்த தங்குமிடத்தைக் காலிசெய்ய வேண்டும்; அதற்கு நெடுங்காலமாக இருந்து வந்த கெடு 28 நாள், அதாவது வீடின்மையைத் தடுக்கப் போதுமானது என்று சட்டமே வரையறுத்த காலத்தில் சரிபாதி. இலங்கைத் தமிழ் அகதிகள் பலருக்குப் பழக்கமான அந்த வெளியேற்றக் கடிதத்தை எழுதும் துறை, யாருக்கு எந்த நாளில் வீடு போகும் என்பதை வேறெவரையும்விட நன்றாக அறிந்தது. அதன்மேல் பரிந்துரைக் கடமை சுமத்தப்படவில்லை.

எஞ்சியிருப்பது உணவு. மூப்பர்களின் வாக்குமூலத்தில் வழித்துணைக்கு முன்பாக வருவது அதுதான். பரிந்துரை எவ்வளவு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தாலும், சேருமிடத்தில் வீடு இருந்தால்தான் அது முழுமையடையும். 2025இல் இங்கிலாந்தில் தற்காலிகத் தங்குமிடங்களில் 1,25,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் இருந்தன. தனி ஆளாக வரும், பெரிய நோய் எதுவுமில்லாத ஒருவருக்கு மன்றம் தர வேண்டியது தடுப்பு உதவியும், வீடிழந்தபின் தேடித்தரும் முயற்சியும் மட்டுமே. குழந்தைகள், கருவுற்றிருத்தல், உடல்நலக் குறைவு போன்ற முன்னுரிமைத் தேவை உள்ளவர்க்கே வீட்டை உறுதிசெய்யும் முழுக் கடமை உண்டு. குறைந்த வருவாயினரின் தனியார் வாடகைக்கு அரசு தரும் உதவித்தொகையின் உச்சவரம்பு 2016 முதல் நான்கு ஆண்டுகள் உயர்த்தப்படாமல் நிறுத்தப்பட்டது; 2020இல் உயர்த்தப்பட்டு, மறுபடி 2024 வரை நிறுத்தப்பட்டது. வாடகை மட்டும் நிற்கவில்லை.

இளம்பசுவின் சடங்கு எப்போது கைவிடப்பட்டது என்பதையும் மிஷ்னா பதிவுசெய்திருக்கிறது: கொலைகாரர்கள் பெருகியபோது. கொன்றவன் யார் என்று தெரியாதபோது மட்டுமே அந்தச் சடங்குக்குப் பொருள் உண்டு. ஊரறிய உலவும் கொலையாளிகளின் காலத்தில், மூப்பர்கள் பள்ளத்தாக்குக்குப் போய்த் தண்ணீர் ஊற்றிக் கை கழுவுவதில் பயனில்லை என்று ஞானிகள் முடிவுசெய்தார்கள். வீடின்மையின் காரணங்களும் இன்று அப்படி மறைந்து கிடப்பவை அல்ல. உதவித்தொகை எந்த ஆண்டு எந்த வரவுசெலவுத் திட்டத்தில் நிறுத்தப்பட்டது, வாடகை எவ்வளவு ஏறியது, எத்தனை மன்ற வீடுகள் விற்கப்பட்டன என்பவை அச்சில் கிடைக்கும் செய்திகள்.